மூன்றாம் நாள் இரவு எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள்?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, ஓ.பி. முடியும் நேரம். மணி பன்னிரண்டரை இருக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் கம்பளிக் குல்லா போட்ட ஒரு பெண்மணி, பின்னால் மங்கலான விளக்கு. பெரு நாட்டில் குஸ்கோ நகரத்து ஓட்டல் அறை. அங்கே அப்போது இரவு இரண்டு மணி.

"டாக்டர், இவர் படுக்கவே மாட்டேங்கறார். படுத்தா மூச்சு முட்டுதாம். சாயங்காலத்திலேருந்து ஒரே இருமல்."

போனைத் திருப்பச் சொன்னேன். மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் கணவர். வயது 46. பாத்ரூமுக்குப் போய் வந்ததற்கே ஐந்து நிமிடம் மூச்சு வாங்கியதாம். உதட்டின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 66 காட்டியது. "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, விடியட்டும்னு உட்கார்ந்திருக்காதீங்க" என்றேன். பழகாத உயரத்துக்கு வேகமாக ஏறினால் வருகிற உயர நோய், நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இரண்டு இரவு ஆக்சிஜன் வைத்து, பிறகு விமானத்தில் லிமாவுக்கு இறக்கினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் மூன்று வாரப் பயணத்தில் மிச்சமிருந்த இரண்டு வாரம் போயே போய்விட்டது.

இந்த வருடத்தில் இது எனக்கு மூன்றாவது கேஸ். மூன்று பேருக்கும் முதல் தென் அமெரிக்கப் பயணம். மூன்று பேருமே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்து, "அந்த மலை மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்டவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெருவின் தெற்கு, பொலிவியா, சிலியின் வடகோடி என்று மூன்று வாரம் சுற்றும் பாதை இப்போது நம்மவர்களிடம் பிரபலமாகி வருகிறது. அருமையான பாதை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் மேசைக்கு வரும் திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. பளபளப்பான பிரிண்ட் அவுட், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வண்ணப் படம். முதல் நாள் லிமா. இரண்டாம் நாள் காலை விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள் குஸ்கோ, மதியமே ஊர் சுற்றல். நான்காம் நாள் விடியற்காலை வானவில் மலை. நான் செய்வதெல்லாம் ஒன்றுதான்: பென்சிலை எடுத்து ஒவ்வொரு இரவுக்கும் பக்கத்தில் தூங்கும் ஊரின் உயரத்தை எழுதுவேன். லிமா, கிட்டத்தட்ட கடல் மட்டம். குஸ்கோ, 3,400 மீட்டர். வானவில் மலை என்கிற வினிகுங்கா, 5,000 மீட்டருக்கு மேல். நம் ஊட்டி 2,240 என்பதையும் ஓரத்தில் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டுவேன். பெரும்பாலும் அறையில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் அந்த வாக்கியம் வரும்.

"ஆனா நான் ஃபிட்டா இருக்கேனே டாக்டர்."

இதற்கு நான் எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேனோ தெரியாது. இன்னொரு முறை, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். நல்லது, விடாமல் ஓடுங்கள். அந்த ஓட்டத்தால் உங்கள் இதயமும் கால் தசைகளும் பழகியிருக்கின்றன. உயரத்துக்குப் பழகுவது வேறு சமாச்சாரம். மூச்சின் வேகம் கூட வேண்டும், அதற்கு ஏற்ப ரத்தத்தின் கார அமில நிலையைச் சிறுநீரகம் சரிசெய்ய வேண்டும். இதற்குச் சில நாட்கள் ஆகும். நீங்கள் மாரத்தான் ஓடுபவரா, மாடிப்படி ஏறவே அலுத்துக்கொள்பவரா என்று உங்கள் சிறுநீரகத்துக்குத் தெரியாது. உயர நோய் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை ட்ரெட்மில் டெஸ்ட்டும் சொல்லாது, ஈ.சி.ஜி.யும் சொல்லாது. ஒரே ஒரு துப்பு உண்டு. முன்பு ஒருமுறை வந்திருந்தால், அதே மாதிரி ஏறும்போது மறுபடி வர வாய்ப்பு அதிகம்.

சொல்லப்போனால் ஃபிட்டான ஆட்களைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். தொப்பை வைத்தவர் மூச்சு வாங்கியதும் நின்றுவிடுவார். ஓட்டக்காரர் தலைவலியோடு மேலே போவார். உலகின் உச்சியில் முதலில் ஏறிய இருவரில் ஒருவரான எட்மண்ட் ஹிலாரியே, 1977-ல் கங்கையின் வழியாக இமயமலைக்குப் போனபோது உயர நோயில் விழுந்து, ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டார். அவரைவிடவா நமக்கு மலை பழக்கம்?

அடுத்த வாக்கியம்: "நாங்க கைலாஷ் போயிட்டு வந்தவங்க." எப்போது என்றால், ஐந்து வருடம் முன்பு. உடம்பு அந்தப் பழக்கத்தைக் கீழே இறங்கிய சில வாரங்களிலேயே தொலைத்துவிடும். லடாக் போனவர்களும் அப்படித்தான். லே நகரமும் குஸ்கோவும் ஏறக்குறைய ஒரே உயரம். லேயில் ஓட்டல்காரர் சொன்னார் என்று இரண்டு நாள் சமத்தாகப் படுத்திருந்த அதே குடும்பம், குஸ்கோவில் இறங்கியதும் சந்தைக்கு ஓடுகிறது. கேட்டால் "பிளான்ல ரெஸ்ட் போடலையே" என்கிறார்கள். திட்டம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு விமான நேரம் தெரியும், நுழைவுச் சீட்டு தெரியும். நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்பதன் அர்த்தம் அவருக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, ஆனால் தூங்கப்போவது நீங்கள்.

தூங்கும் உயரம். இந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பகலில் ஒரு கணவாயைத் தாண்டிவிட்டுக் கீழே வந்து படுக்கலாம், பழகிய உடம்பு தாங்கும். இரவு எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு முதல் இரவு 2,800 வாக்கில் இருந்தால் நல்லது. 3,000-ஐத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இன்னொரு இரவு தங்குங்கள்.

இதற்காக ஓர் ஊரைக்கூட விட வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல், காரில் ஏறி நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்கே ஒல்லாந்தாய்தாம்போ என்கிற ஊர் சுமார் 2,800 மீட்டர். இரண்டு மூன்று இரவு அங்கே. பிறகு அங்கிருந்தே ரயிலில், இன்காக்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சு. மச்சு பிச்சுவில் மூச்சு முட்டுமா என்று கேட்காத ஆளில்லை. அது 2,430 மீட்டர்தான் ஐயா, குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் கீழே! அதைப் பார்த்துவிட்டு குஸ்கோவுக்கு ஏறுங்கள், மூன்று நான்கு இரவு இருங்கள், வானவில் மலையைக் கடைசி நாளுக்கு வையுங்கள். அதற்குமேல் டிட்டிகாகா ஏரிக்கரையில் புனோ, 3,830. அங்கிருந்து தரைவழியே பொலிவியாவில் லா பாஸ், பிறகு உயுனி உப்புவெளி. இரண்டும் 3,600-க்குக் கொஞ்சம் மேலே. உயுனியிலிருந்து ஜீப்பில் ஏரிகள் வழியே போகும் மூன்று நாள் பயணத்தில் ஓர் இரவு 4,300-ஐ ஒட்டித் தூங்குவீர்கள், அதற்குள் உடம்பு பழகியிருக்கும். அடுத்த நாள் சிலியில் சான் பெட்ரோ, 2,400. படிக்கட்டு மாதிரி ஏறி, சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது பாருங்கள்.

இதையே தலைகீழாகச் செய்தால்? சான் பெட்ரோவில் காலையில் ஜீப் ஏறுபவர்கள் பலர் அன்று இரவே 4,200, 4,300-இல் படுக்கிறார்கள். ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,900 மீட்டர். ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை, போன் சிக்னல் இல்லை, ஜூன் ஜூலை இரவென்றால் பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி குளிர். விலை குறைவு என்று இந்தத் திசையில் டிக்கெட் எடுத்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே தலைவலி வருகிறது. லா பாஸுக்கு நேரடி விமானமும் வேண்டாம். அதன் விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேலே, எல் ஆல்டோவில் இருக்கிறது. பொலிவியாவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றால் முதலில் சுக்ரேயில் சில நாள் இருங்கள். சுமார் 2,800, அழகான வெள்ளை நகரம்.

சரி, மாத்திரை. அசிட்டசோலமைடு. கண் நீர் அழுத்தத்துக்குக் கொடுக்கிற பழைய மருந்துதான். பெரியவர்களுக்குத் தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலை இரவு, ஏறுவதற்கு முதல் நாள் தொடங்கி. விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். பயப்பட வேண்டாம். இது நோயை மூடி மறைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அது பொய். உடம்பு பழகுவதை இது வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். மோசமான திட்டத்தை நல்ல திட்டமாக்காது. சல்ஃபா மருந்தில் முன்பு கடுமையான அலர்ஜி வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். முதல் மாத்திரையை ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள்.

கற்பூரத்தை முகர்ந்தால் போதும், பூண்டு மென்றால் போதும் என்பவர்களுக்கு: வாசனை நன்றாக இருக்கும். வேறு பலன் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சாதாரண உயர நோய், அந்த ஊர்க்காரர்கள் சொரோச்சே என்பது, போய்ச் சேர்ந்த உடனே வராது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வரும். மதியம் ஜம்மென்று இருப்பீர்கள், ராத்திரி தலைவலி, குமட்டல், அலுப்பு. அதற்கு பாராசிட்டமால், ஓய்வு, அதே உயரத்தில் இருப்பு. தலைவலியோடு மேலே போகக் கூடாது, இதில் பேச்சே கிடையாது. மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில இரவுகளுக்கு வேண்டாம். தூக்கத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்துப் பலர் பதறிப்போய் அழைக்கிறார்கள். உயரத்தில் அது சகஜம், எழுப்பாதீர்கள். அவர் தூங்கட்டும்.

எழுப்ப வேண்டியது எப்போது? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால். படுக்க முடியாமல் இருமினால். பேச்சு குழறினால், குழப்பமாக இருந்தால். ஒரு சோதனை சொல்கிறேன்: தரையில் டைல்ஸ் கோட்டின் மேல், குதிகால் விரலைத் தொட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்று வைத்துக்கொண்டு உடனே ஆக்சிஜனும் இறங்கும் வழியும் பாருங்கள். விடியும்வரை காத்திருப்பது, ஏஜென்ட்டுக்குப் போன் போடுவது எல்லாம் பிறகு. ஆக்சிமீட்டரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கோவிட் காலத்து 95 கணக்கு அங்கே செல்லாது. குஸ்கோவில் சுகமாக இருப்பவருக்கே எண்பதுகளில் காட்டும். குளிர்ந்த விரலிலும் மருதாணி வைத்த விரலிலும் அது கண்டபடி சொல்லும். ஆளைப் பாருங்கள்.

இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் வாருங்கள். பெண்கள் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நம் வீடுகளில் 9 கிராமோடு சமையல், ஆபீஸ், பிள்ளைகள் என்று எல்லாம் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர், அங்கே அது ஓடாது. இன்சுலின் போடுபவர்கள் அதை ஜீப்பின் மேலே கட்டும் பெட்டியில் வைத்து உறைய விடாதீர்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று, கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி. "குஸ்கோவில் கொசுவே இல்லையே" என்று வாதாடுகிறார்கள். உண்மைதான், அந்த உயரத்தில் அந்தக் காய்ச்சல் பரவுவதில்லை. ஆனால் நம் நாட்டு விமான நிலையத்தில் உயரத்தைப் பார்க்க மாட்டார்கள், நாட்டின் பெயரைத்தான் பார்ப்பார்கள். பெருவும் பொலிவியாவும் இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே இறங்கினால் தனிமைப்படுத்தி வைக்கலாம். நடுவில் பாரிஸில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாலும் கணக்கு அதேதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பிறகு ஆயுளுக்கும் போதும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் போட்டதாக இருக்க வேண்டும், நான் போட்டால் செல்லாது. முட்டை அலர்ஜி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், அறுபது வயதுக்கு மேல் என்றால் முன்பே பேச வேண்டும். விமானத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது வந்து நின்றால் நான் என்ன செய்யட்டும்? கெஞ்சிக் கேட்கிறேன், இரண்டு மாதம் முன்பு வாருங்கள். பிரிண்ட் அவுட்டையும் கொண்டு வாருங்கள், பென்சில் என்னிடம் இருக்கிறது.

கோகா இலைத் தேநீர் அங்கே ஓட்டல் வரவேற்பிலேயே வைத்திருப்பார்கள். சூடாக ஒரு கப் குடித்தால் இதமாக இருக்கும், தவறில்லை. வேலையில் சிறுநீர்ப் பரிசோதனை உள்ளவர்கள் மட்டும் தொடாதீர்கள், கொக்கைன் என்று காட்டும். ஆனால் அதை ஊருக்கு எடுத்து வராதீர்கள். கோகா இலை நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, அமெரிக்கா வழியாக வந்தால் அங்கேயும் பிடிப்பார்கள். போன வருடம் ஒருவர் நன்றியோடு எனக்கே ஒரு பாக்கெட் கோகா டீ கொண்டு வந்து மேசையில் வைத்தார். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு வியர்த்துவிட்டது. பெருவில் சாக்லேட் நன்றாக இருக்கும். அவ்வளவு ஆசை என்றால் அதை வாங்கி வாருங்கள்.