ஒரே மூச்சில் பத்து

மேடு ஏறத் தொடங்கி முப்பது நிமிடம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து அக்கா, "எண்ணுங்க" என்றார். ஹேண்டிலை விடாமல், தலையைத் திருப்பாமல், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். ஒரே மூச்சில் பத்தைத் தொட முடிந்தது. "சரி, இதே வேகம்." ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னார். இந்த முறை ஏழிலேயே மூச்சு முறிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கியரைக் குறைத்தேன். அடுத்த நொடி எனக்குப் பின்னால் இரண்டு சைக்கிளிலும் சங்கிலி பல் மாறும் சத்தம் கேட்டது.

எங்கள் மூவரில் மேட்டில் மெதுவாக ஏறுகிற ஆள் நான். அதனால்தான் என்னை முன்னால் விட்டிருந்தார்கள்.

அது ஒரு சிறிய மலை டிரையத்லான். ஏரியில் 500 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், மலைப்பாதையில் 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்த டிரையத்லானில் இந்தத் தூரங்கள் 1.5, 40, 10 கிலோமீட்டர். அதோடு பார்த்தால் எங்களுடையது பாதிகூட இல்லை. ஆனால் ஒரு விதி இருந்தது: அணியின் மூன்று பேரும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒன்றாகவே போக வேண்டும், மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் நிற்கும். அக்காவையும் தம்பியையும் எனக்குப் பன்னிரண்டு நாளாகத்தான் தெரியும். அக்கா நன்றாக நீந்துவார், ஓடுவார். தம்பி சைக்கிள்காரர். நான் எல்லாவற்றிலும் நடுவாந்தரம், ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் கீழே.

எண்ணும் பழக்கம் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் மூவரும் ஒரு மேட்டில் பயிற்சிக்குப் போனோம். தம்பி முன்னால் போனார், நான் ஒட்டிக்கொண்டே போனேன். அவர் பேசிக்கொண்டே ஏறினார், நான் "ம்" மட்டும் சொன்னேன். ஆறேழு நிமிடத்தில் கால்கள் ஈயமாகிவிட்டன. இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அன்று என்ன நடந்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாலை 8 சதவீதச் சாய்வு, அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் 800 மீட்டர் மேலே போகிறோம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 174 வாட் வேண்டும். டயர் உராய்வுக்கு 11 வாட், காற்றுக்கு வெறும் 4 வாட். மொத்தம் 190-ஐ ஒட்டி வரும். தம்பி போன வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். அதற்கு 250 வாட் தேவை. வெறும் 3 கிலோமீட்டர்தான் கூடுதல், ஆனால் என் உடம்பைப் பொறுத்தவரை அது வேறு உலகம்.

ஏன் என்பதற்குக் கிணறு நல்ல உதாரணம். ஊற்று சுரக்கிற வேகத்துக்குள் இறைத்தால் வெகுநேரம் இறைத்துக்கொண்டே இருக்கலாம். அதைவிட வேகமாக இறைத்தால் தேங்கியிருக்கும் தண்ணீர் குறையும், கடைசியில் வாளி தரையில் தட்டும். தசையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆக்சிஜனை வைத்துச் சமநிலையில் தாக்குப்பிடிக்கக்கூடிய ஒரு வாட் எல்லை ஒவ்வொருவருக்கும் உண்டு. உடலியலில் அதை 'நெருக்கடித் திறன்' என்று சொல்லலாம். மோனோ, ஷெர்ரர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் இதைக் கணித வடிவில் கொடுத்தார்கள். அந்த எல்லைக்கு மேலே போனால் தேங்கிய இருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஓரளவு பயிற்சியுள்ளவருக்கு அந்த இருப்பு 20 கிலோஜூல் அளவில் இருக்கும்.

என் எல்லை கிட்டத்தட்ட 200 வாட். ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல், எனவே தம்பியின் பின்னால் போனபோது ஒவ்வொரு நொடியும் 50 ஜூல் அதிகமாகச் செலவழித்தேன். 20,000-ஐ 50-ஆல் வகுத்தால் 400 நொடி. ஏழு நிமிடம்கூட இல்லை. நான் இறங்கி நடந்த இடம் சரியாக அங்கேதான் இருந்தது. இதே மேட்டை 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறியிருந்தால் எல்லைக்குக் கீழேயே இருந்திருப்பேன், நாற்பது நிமிடமும் தாக்குப்பிடித்திருப்பேன். இன்னொன்றும் உண்டு: காலியான கிணறு ஊறி நிரம்ப, காலியான நேரத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். இரண்டு நிமிடம் வீரம் காட்டியதை இரண்டு நிமிடம் மெதுவாகப் போய்ச் சரிக்கட்ட முடியாது. அணியாகப் போகும்போது இதன் விலையை மூன்று பேரும் கொடுக்கிறோம்.

சரி, நான் ஏன் அன்றே "கொஞ்சம் மெதுவா போகலாம்" என்று சொல்லவில்லை? புதியவர்கள் முன்னால் வாய் வரவில்லை, அவ்வளவுதான். இதற்கும் ஓர் ஆய்வு வரலாறு உண்டு. 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பெர்லினில் ஒரு படகு ஓட்டும் சங்கத்தினரை வைத்துச் சோதனை செய்தார். எடையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் கைவிட்டால் எல்லாருக்கும் ஆட்டம் முடிந்தது. அப்படிப்பட்ட நிலையில் அணியின் பலவீனமான ஆள் தனியாகச் செய்வதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தார். "என்னால் மற்றவர்கள் தோற்கக் கூடாது" என்ற உந்துதல் நிஜமான வலுவைத் தருகிறது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் அதே உந்துதல்தான் அவரை எல்லைக்கு மேலே தள்ளி, மூச்சு வாங்குவதை மறைக்கவும் வைக்கிறது. புதிய அணிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து. வெட்கப்படாத ஓர் அளவுகோல் வேண்டும்.

எண்ணுவது அப்படிப்பட்ட அளவுகோல். பேச்சு வெளிமூச்சில்தான் பிறக்கிறது. சட்டென்று உள்ளே இழுத்து, நீளமாக வெளியே விட்டுக்கொண்டே பேசுகிறோம். எல்லையை நெருங்கும்போது தசையில் அமிலத்தன்மை ஏறும். இரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அதைச் சமன் செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். கழுத்துத் தமனியிலும் மூளைத்தண்டிலும் உள்ள உணரிகள் உடனே மூச்சை வேகப்படுத்துகின்றன. நீண்ட வெளிமூச்சு அப்போது கட்டுப்படியாகாது. எண்கள் உடைகின்றன. பத்து என்ற எண்ணில் மந்திரம் எதுவும் கிடையாது. சமதளத்தில் வசதியாகப் போகும்போது எவ்வளவு எண்ண முடிகிறது, எதில் உடைந்தால் கால் கனக்கத் தொடங்குகிறது என்று அவரவர் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மூவருக்கும் பத்து பொருந்தியது.

போட்டி நாளில் உயரமும் சேர்ந்துகொண்டது. ஏரி கிட்டத்தட்ட 1,500 மீட்டரில் இருந்தது, மேட்டின் உச்சி 2,000 மீட்டரைத் தொட்டது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 78 சதவீதமாகக் குறைந்துவிடும், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். 1,500 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடம்பின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு சுமார் 1 சதவீதம் இறங்கும் என்பது பொதுவான கணக்கு. என் 200 வாட், உச்சிக்கு அருகே 190 ஆகிவிடும். நான் ஏழில் மூச்சு முறிந்ததற்கு அதுதான் காரணம். வேகம் மாறவில்லை, எல்லை கீழே இறங்கியிருந்தது.

இரண்டு நாள் முன்னதாக வந்து தங்கினால் சரியாகிவிடாதா என்று தம்பி கேட்டார். கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறிவிடும், ஆனால் அணுக்கள் பெருகி வரப் பல வாரம் ஆகும். அதற்கெல்லாம் எங்களுக்கு நேரம் இல்லை.

என்னை முன்னால் விட்டதற்கு இயற்பியலும் இடம் கொடுத்தது. சமதளத்தில் மணிக்கு 35 கிலோமீட்டரில் போகும்போது காற்றைக் கிழிக்க மட்டுமே 175 வாட் போகிறது. முன்னால் ஒருவர் போனால் பின்னால் இருப்பவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். மேட்டில் காற்றுக்கு மொத்தமே 4 வாட்தான், அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? அதனால் ஏற்றத்தில் மெதுவான ஆள் முன்னால், கீழே இறங்கிய பிறகு வந்த சமதளத்தில் தம்பி முன்னால். என் பையில் இருந்த ஒரு கிலோ சாமானையும் தம்பி வாங்கிக்கொண்டார். 80-இல் ஒரு கிலோ என்றால் 1.25 சதவீதம். நாற்பது நிமிட ஏற்றத்தில் அரை நிமிடம். சிறியதுதான், ஆனால் அதற்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

இதெல்லாம் சைக்கிள். அதற்கு முன்னால் ஏரி இருந்தது, அங்கே தடுமாறியவர் தம்பி.

தண்ணீர் 16 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். தோல் சட்டென்று குளிரும்போது உடம்பு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும், அப்புறம் கட்டுக்கடங்காமல் மேல்மூச்சு வாங்கும். 'குளிர் அதிர்ச்சி' என்று இதற்குப் பெயர். முதல் அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த முதல் மூச்சு இழுப்பின்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால்தான் விபரீதம். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். குளிர்ந்த தோல் இதயத்தை விரட்டுகிறது, நனைந்த முகமும் அடக்கிய மூச்சும் இதயத்தை மெதுவாக்கச் சொல்கின்றன, இரண்டு கட்டளையும் மோதினால் இதயத்துடிப்பு சீர் தப்பலாம் என்று அவர் எச்சரித்திருக்கிறார்.

அதனால் தொடக்க மணிக்கு முன்பே மூவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றோம். தம்பியின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன, வாய் திறந்தபடி குட்டிக் குட்டியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து, "வெளியே விடுறதை மட்டும் கவனிங்க, உள்ளே தானா வரும்" என்றார். வெட்சூட் என்ற ரப்பர் நீச்சலுடையின் கழுத்தை விரலால் விலக்கிக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடச் சொன்னார். உள்ளே போன அந்த மெல்லிய படலம் உடல்சூட்டில் வெதுவெதுப்பாகும். உண்மையில் வெப்பத்தைக் காப்பது ரப்பரில் உள்ள நுண்ணிய வாயுக் குமிழிகள்தான், ஆனால் அந்த முதல் குளிரை நீந்தும்போது வாங்காமல் நிற்கும்போதே வாங்கிவிடலாம். ஒன்றரை நிமிடத்தில் தம்பியின் தோள்கள் இறங்கின. அப்புறம் முகத்தை நனைத்தார். கடைசியில் அவரும் பத்துவரை எண்ணினார்.

நீந்தும்போது அக்கா முன்னால் போனார், தம்பி அவர் பாதத்துக்குப் பின்னால். நீரின் அடர்த்தி காற்றைப் போல 800 மடங்கு. ஆகவே மெதுவான வேகத்திலும் பின்தொடர்வதில் பலன் உண்டு. பாதத்துக்கு அரை மீட்டருக்குள் இருந்தால் நீரின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று அளந்திருக்கிறார்கள். கலங்கிய தண்ணீரில் பாதம் தெரியாது, அதன் குமிழிகள் தெரியும். தம்பி குமிழியை மட்டும் பார்த்து நீந்தினார்.

கரையேறி ஓடும்போது தலை கிறுகிறுக்கும். படுத்தநிலையில் நீந்தும்போது நீரின் அழுத்தம் காலிலிருந்து இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும், எழுந்து நின்றவுடன் அது கீழே தேங்கும். நீச்சலின் கடைசி 50 மீட்டரில் காலை நன்றாக உதைத்தால் கொஞ்சம் குறையும்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று மட்டும். 530 மீட்டர் உயரத்தில் 80 கிலோவுக்கு உள்ள ஆற்றல் 416 கிலோஜூல். 20 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக 335 போதும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக இறங்கும். நேரான இடத்தில் விட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்தால் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும்.

கடைசியாக ஓட்டம். முதல் 2 கிலோமீட்டர் ஏற்றம், பிறகு 3 கிலோமீட்டர் இறக்கம். செங்குத்தான இடங்களில் மூவரும் நடந்தோம். அங்கே ஒரே வேகத்துக்கு ஓட்டத்தைவிட நடை செலவு குறைவு. உச்சியில் அக்கா எண்ணச் சொன்னார், மூவரும் பத்தைத் தொட்டோம். நல்ல உற்சாகத்தோடு இறக்கத்தில் விட்டோம். அரை கிலோமீட்டரில் தம்பியின் தொடைகள் நடுங்க ஆரம்பித்தன.

எண்ணச் சொன்னால் சுலபமாக எண்ணினார். மூச்சு சீராகவே இருந்தது. இறக்கத்தில் எங்கள் அளவுகோல் பொய் சொல்லும் என்பது அப்போதுதான் உறைத்தது. மினெட்டி என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவர் குழுவும் 2002-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, ஓட்டத்துக்கு ஆற்றல் மிகக் குறைவாகச் செலவாவது சுமார் 20 சதவீத இறக்கத்தில். நுரையீரலுக்கு அங்கே வேலை குறைவு. தொடைக்கோ வேலை வேறு மாதிரி: ஒவ்வொரு அடியிலும் தசை சுருங்க முயலும்போதே நீட்டப்படுகிறது, இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. சைக்கிள் மிதிப்பதில் தசை சுருங்கும் வேலைதான், இப்படி நீளும் வேலை கிடையாது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்திருந்தாலும் தம்பியின் தொடைக்கு இது புதிது.

மூச்சை விட்டுவிட்டுக் காலடிச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினோம். தொடை தாங்கும்வரை அடி மெத்தென்று விழும். தளர்ந்தால் பாதம் தரையில் அறையும். தம்பியை முன்னால் விட்டு, அடி சிறியதாக, அடுத்தடுத்து விழும்படி ஓடச் சொன்னார் அக்கா. அறைகிற சத்தம் வந்தால் மூவரும் இருபது அடி நடந்தோம், மெத்தென்று ஆனதும் மறுபடி ஓடினோம். நானும் அக்காவும் அவர் பாதத்தையே கேட்டபடி கோடுவரை வந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் காலையில் தம்பி போன் செய்தார். "அண்ணா, படி இறங்க முடியல. லாக்டிக் அமிலம் தங்கிடுச்சோ?" லாக்டேட் தங்கவே இல்லை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு அதை எரிபொருளாகவே எரித்து முடித்திருக்கும். இது அந்த இறக்கத்தின் சேதம், ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதே தசை ஒருமுறை இப்படிச் சேதமடைந்து ஆறினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் மிகக் குறைவாகவே அடிபடும். அதைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அப்போ ஆறினதும் இன்னொரு தடவை இறங்கிப் பாக்கலாமா?" மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூவரும் அதே பாதையில் இறங்கினோம். தம்பிதான் முன்னால். கடைசி வளைவுவரை அடி மெத்தென்றே விழுந்தது.