அலுமினியக் குழாயிலிருந்து போர் வரை

2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அடுக்கிய குற்றச்சாட்டுகளில் சில அலுமினியக் குழாய்களும் இருந்தன. ஈராக் அவற்றை வாங்க முயன்றது அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டத்தான் என்பது அமெரிக்காவின் வாதம். அடுத்த ஆறு வாரங்களில் போரே தொடங்கிவிட்டது.

சரி, குழாய்க்கும் குண்டுக்கும் என்ன தொடர்பு? இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். மீதி ஏறக்குறைய எல்லாமே யுரேனியம்-238. குண்டுக்கோ யுரேனியம்-235 கிட்டத்தட்ட 90 சதவீதம் வேண்டும். இரண்டும் வேதியியல் குணத்தில் ஏறக்குறைய ஒன்று. எடையில் மட்டும் சின்ன வித்தியாசம். அதனால் யுரேனியத்தை வாயுச் சேர்மமாக்கி, உருளைக்குள் அடைத்து, அசுர வேகத்தில் சுழற்றுகிறார்கள். கனமான மூலக்கூறுகள் சுவரோரம் ஒதுங்கும். இலேசானவை நடுவில் சற்றே கூடுதலாகச் சேரும். இதுதான் செறிவூட்டல். ஓர் உருளை தரும் பலன் மிகச் சொற்பம் என்பதால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தொடராக இணைக்க வேண்டும்.

இங்கேதான் அந்தக் குழாய்கள் சிக்கலாகின்றன. அப்படிச் சுழலும் உருளையின் சுவர் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் இருப்பது வழக்கம். ஈராக்கின் குழாய்ச் சுவரோ 3 மில்லிமீட்டருக்கும் மேல். அரிப்பைத் தடுக்க மேற்பரப்பைப் பதப்படுத்தியிருந்தார்கள். யுரேனிய வாயுவுக்கு அது ஆகாது, வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ராக்கெட்டுக்கு அது அவசியம். விட்டம் 81 மில்லிமீட்டர். ஈராக் ராணுவம் ஏற்கெனவே வைத்திருந்த ராக்கெட்டின் அளவும் அதேதான். அமெரிக்க எரிசக்தித் துறையின் செறிவூட்டல் வல்லுநர்களே போருக்கு முன்பு இதைச் சுட்டிக்காட்டினார்கள். மார்ச் 7 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேயும் பாதுகாப்பு கவுன்சிலில் ஏறக்குறைய இதையே சொன்னார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

குழாய்கள் ராக்கெட்டுக்கானவை என்று ஒப்புக்கொண்டால், அது சாதாரண ஆயுதம், பேரழிவு ஆயுதமல்ல. ஏனென்றால் 1948இல் ஐ.நா. வகுத்த வரையறையின்படி அணு ஆயுதம், கதிரியக்கப் பொருள் ஆயுதம், உயிர்க்கொல்லி ரசாயன, உயிரியல் ஆயுதங்கள், இவற்றுக்கு நிகரான நாசம் செய்யக்கூடிய வருங்கால ஆயுதங்கள் ஆகியவைதான் பேரழிவு ஆயுதங்கள். இந்தப் பட்டியலிலேயே பெரிய முரண் இருப்பதாக நினைக்கிறேன். 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேரைக் கொன்ற தீக்குண்டுகள் இதில் வராது. 1995இல் அதே நகரத்தின் சுரங்க ரயில்களில் பரப்பப்பட்ட சாரின் என்ற நரம்பு நச்சு வரும். அதில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டாலும், இறந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. அதற்காக ரசாயன ஆயுதத்தை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. 1988இல் ஈராக்கின் ஹலப்ஜா நகரில் சதாம் உசேன் ஆட்சி வீசிய விஷவாயுவில் ஆயிரக்கணக்கான குர்து மக்கள் மாண்டார்கள்.

ஆனால் ரசாயனம் கெட்டுப்போகும். நீர் பட்டால் சாரின் மெல்லச் சிதைந்துவிடும். ஈராக் தயாரித்த சாரினில் கலப்பும் அதிகம் என்பதால் அதன் வீரியம் நீண்ட நாள் தாங்காது. மஸ்டர்டு என்ற விஷம் அப்படியல்ல, எறிகணைக்குள் பல ஆண்டுகள் கழிந்தும் தோலில் கொப்புளங்களை எழுப்பும்.

போருக்குப் பின் அமெரிக்கா அமைத்த ஆய்வுக் குழு, ஈராக்கிடம் ஆயுதக் கையிருப்பு இல்லை என்று 2004இல் அறிக்கை தந்தது. அப்புறம் 1991 வளைகுடாப் போருக்கு முன் தயாரான பழைய ரசாயன எறிகணைகள் அங்கங்கே கிடைத்தபோது, "இதோ, பேரழிவு ஆயுதம்!" என்று சிலர் காட்டினார்கள். வரையறைப்படி அவை பேரழிவு ஆயுதங்கள்தான். கையாண்ட சில படைவீரர்களுக்குக் காயமும் ஏற்பட்டது. ஆனால் போருக்கு முன் உலகுக்குச் சொல்லப்பட்டது துருப்பிடித்த பழைய எறிகணைகளைப் பற்றியல்ல. தொடர்ந்து நடக்கும் உற்பத்தியையும் உருவாகிவரும் அணுகுண்டையும் பற்றி. அந்த இரண்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.