மூடிய பெட்டிக்குள் நீர் நுழையும் வழி

ஹூஸ்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கால்வெஸ்டன் விரிகுடாவில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் சென்று தூண்டில் போடுபவர். பால் அடுக்கும் ஓட்டைக் கூடையான கிரேட் ஒன்றில் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கட்டித் தம் கையாலேயே சாமான் கூடை செய்து, இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதற்குள், மூடி இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் பதித்த, 10 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டியும் உண்டு. கயாக் கவிழாத நாளிலும் அந்தப் பெட்டியின் அடியில் நீர் தேங்கிவிடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்பது அவருடைய கேள்வி.

கூடையில் குறையில்லை. கிரேட்டின் ஓட்டைகள் வழியே இறங்கும் நீர், கயாக்கின் வடிகால் துளைகளில் வெளியேறிவிடும். ஒன்றரை அங்குலக் குழாய்கள் தூண்டில் கோல்களை நிமிர்த்திப் பிடிக்கும். கட்டுவதற்குக் கறுப்புக் கேபிள் டையே நல்லது. அதிலுள்ள கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தடுப்பதால், வெள்ளை டையைப் போல வெயிலில் சீக்கிரம் நொறுங்காது. கனமான சாமான் அடியில் இருக்கட்டும். விஷயம் பெட்டியில்தான் இருக்கிறது.

உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். கணக்கு அதை ஏற்பதில்லை. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 30 கிராம். 10 லிட்டருக்கு அது 0.3 கிராம், அதாவது ஆறேழு சொட்டு. ஈரத்துணியை உள்ளே வைக்காதவரை, தேங்கி நிற்கும் அளவுக்கு நீர் இவ்வழியில் வராது.

உண்மையான காரணம் அழுத்தம். மூடிய பெட்டி வெயிலில் கிடந்து, உள்காற்று 50 டிகிரியை எட்டுகிறது என்று கொள்வோம். விரிந்த காற்று மூடியை இம்மியளவு தூக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துவிடும். பிறகு ஓர் அலை பெட்டியை முழுக்க நனைக்கிறது. 10 லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 11 கிராம்தான் என்பதால், அது விரைவிலேயே 25 டிகிரிக்கு இறங்கிவிடும். பருமன் மாறாதபோது அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளியில் படித்த விதி. 323 கெல்வினிலிருந்து 298க்கு இறங்கினால் அழுத்தம் 7.7 சதவீதம் குறையும். இது கடல்நீரை முக்கால் மீட்டர் உயரத்துக்கு உறிஞ்சப் போதுமான விசை! 30 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் அளவுள்ள மூடியை, சுவர் உள்வாங்காமல் நின்றால், வெளிக்காற்று ஏறத்தாழ 48 கிலோ எடைக்குச் சமமாக அமுக்கும். மாலையில் மூடி கையோடு வர மறுப்பது இதனால்தான்.

அந்த அமுக்கம் கேஸ்கெட்டை இறுக்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். கேஸ்கெட் சுத்தமாக இருந்தால் இறுக்கும். அதன்மேல் ஒரு மணல் துகளோ, 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தூண்டில் நரம்பின் ஒரு துண்டோ கிடந்தால், அதன் இரு பக்கமும் மெல்லிய வாய்க்கால் திறந்துகொள்கிறது. மூடியின் விளிம்புப் பள்ளத்தில் அலை விட்டுச்சென்ற நீர் நிற்பதால், காற்றுக்கு முன் நீரே உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே நுழைவது முழுவதும் நீராகவே இருந்தால், ஒரே குளிர்ச்சியில் முக்கால் லிட்டர்வரை வந்துவிடும்.

பெட்டியில் ஐபி67 என்று நீர்புகாத் தரக்குறி போட்டிருக்கிறதே என்றால், அச்சோதனையில் பொருள் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருக்கும். ஆனால் நீருக்கும் பொருளுக்கும் வெப்பநிலை வேறுபாடு 5 கெல்வினைத் தாண்டக்கூடாது என்பது அதன் நிபந்தனை. வெயிலில் காய்ந்த பெட்டி அலையில் நனையும் நிலைமையை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கென்று விற்கும் பெட்டியில் இந்த நிபந்தனையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செலவில்லாத தீர்வு, சுவர் மென்மையாக இருப்பதுதான். வாய் சுருட்டி மூடும் பையில் காற்று குளிர்ந்தால் பை சுருங்கிக்கொள்ளும். அழுத்த வேறுபாடே தோன்றாது. பெட்டிதான் வேண்டும் என்றால், மூடிக்குச் சற்றுக் கீழே துளையிட்டு, மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய குழாயைச் சிலிக்கான் பசையால் ஒட்டி, மறுமுனையைத் தூண்டில் கோல் குழாயின் உச்சிவரை கொண்டுபோய்க் கீழ்நோக்கி வளைத்துக் கட்டலாம். பெட்டி மூச்சுவிடும்போது அவ்வழியே காற்று மட்டும் வந்து போகும். விளிம்பு நீரை இழுக்க அங்கே விசை மிஞ்சாது. பெட்டியின் காலி இடத்தைத் தெர்மோகோல் துண்டுகளால் நிரப்பினால் அழுத்தக் குறைவு மாறாது, ஆனால் நுழையக்கூடிய நீரின் அளவு அதே விகிதத்தில் குறையும்.

கயாக் கவிழ்ந்தால் இந்தக் குழாய் வழியாகவே நீர் ஏறும் என்பதால், கைப்பேசியையும் கார் சாவியையும் காற்றைப் பிதுக்கிய தனிப் பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். குறடும் ஈயக்குண்டும் பெட்டியில் இருந்தால் போதும்.