"மாட்டிடுச்சு சார்": பழைய லென்ஸை டிஜிட்டல் பாடியில் போடுகிறவர்கள் கவனத்துக்கு

மறுபடியும் ஒரு நிக்கான் டி750 கேமரா ரிப்பேருக்கு வந்திருக்கிறது. மவுண்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வாயை, சுற்றி ஓடும் வளையத்தில் துருத்திக்கொண்டிருக்க வேண்டிய சின்ன முள், பாடியோடு பாடியாக மடங்கிக் கிடக்கிறது. வளையம் அசையவே மாட்டேன் என்கிறது. கூடவே வந்த 1960-களின் 50 எம்எம் நிக்கார் லென்ஸுக்கு ஒரு கீறல்கூடக் கிடையாது. கொண்டுவந்தவர் சொல்கிறார்: "மாட்டும்போது கொஞ்சம் டைட்டா இருந்துச்சு சார். ஆனா மாட்டிடுச்சு."

அந்த டைட்தான் கேமரா வேண்டாம் என்று சொன்ன இடம். நல்ல நிலையில் இருக்கும் பேயனட் மவுண்ட் (செருகிக் கொஞ்சம் திருப்பிப் பூட்டும் வகை) இரண்டு விரல் பலத்துக்கு மேல் கேட்காது. கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு லென்ஸைக் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். முன் மவுண்ட்டைக் கழற்றி அந்த வளையத்தைச் சரிசெய்யும் கூலி பல நேரம் லென்ஸின் விலையையே தாண்டிவிடும்.

"1959-லிருந்து நிக்கான் மவுண்ட் ஒண்ணுதானே, எல்லா லென்ஸும் எல்லா பாடிக்கும் ஏறும்" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பாதி உண்மை. பேயனட்டின் வடிவம் மாறவில்லை, ஆனால் அதைச் சுற்றியிருக்கும் இணைப்புகள் மாறிவிட்டன. 1977-ல் ஏஐ முறை வந்தது. (இன்றைக்கு ஊரே பேசும் ஏஐ இல்லை, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, அதிகபட்சத்திலிருந்து எவ்வளவு மூடியிருக்கிறோம் என்று பாடிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு.) ஏஐ லென்ஸில் அப்பர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு ஒரு பகுதி தாழ்ந்து, பிறகு படிபோல எழும். அந்தப் படிதான் பாடியின் முள்ளைப் பக்கவாட்டில் தள்ளும். அதற்கு முந்தைய லென்ஸ்களில் விளிம்பு சுற்றிலும் முழு உயரம். நீங்கள் திருகும்போது அது முள்ளைப் பக்கவாட்டில் தள்ளாமல் நேராக உள்ளே அழுத்துகிறது. முள் மடங்கும், இல்லையென்றால் உடையும். அதன் பிறகு லென்ஸ் சுகமாக மாட்டிக்கொள்ளும்.

வாங்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். அப்பர்ச்சர் வளையத்தின் மேல் ஆட்டுக்கொம்பு மாதிரி ஒரு உலோகத் துண்டு திருகப்பட்டிருக்கும். முயல் காது என்பார்கள். அந்தக் காதுகளில் துளை இருந்தால் ஏஐ, அடைபட்ட முழு உலோகமாக இருந்தால் அநேகமாக முந்தையது. ஏஐ லென்ஸில் அப்பர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும்; இரண்டாவது வரிசை மவுண்ட்டை ஒட்டிச் சின்ன எழுத்தில். ஒரே வரிசை, முழுக் காது என்றால் டி7000, டி7100, டி7200, டி610, டி700, டி750, டி800, டி850 எதிலும் போடாதீர்கள். டி3400, டி5600 போன்ற சின்ன பாடிகளில் அந்த முள்ளே கிடையாது, அதனால் ஏறும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும் வேலை செய்யாது, எம் (மேனுவல்) மோடில் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச வரைபடம்) பார்த்து எடுக்க வேண்டியதுதான். "என் ஃப்ரெண்டு டி5300-ல போட்டான்" என்று சொல்லித் தன் டி750-ஐ உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதை. நிக்கான் டிஎஃப் பாடியில் முள்ளை மடக்கி வைக்க வழி உண்டு. மாற்றியமைக்கப்பட்ட லென்ஸ்களும் சந்தையில் இருக்கின்றன: யாரோ விளிம்பை அரத்தால் ராவியிருப்பார்கள், எண்கள் ஒரே வரிசையாகத்தான் இருக்கும். அங்கே எண்ணை நம்பாமல் விளிம்பைப் பாருங்கள். நீங்களே ராவ நினைத்தால் வளையத்தைத் தனியே கழற்றிவிட்டு ராவுங்கள். லென்ஸில் வைத்தபடி ராவினால் அலுமினியத் தூள் ஃபோகஸ் மரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது எம்42 என்ற பழைய திருகு மவுண்ட். 42 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் மரை இடைவெளி. ஹீலியோஸ், டகுமார், பென்டகான் லென்ஸ்கள் எல்லாம் இதில் வரும். இந்த லென்ஸ்கள் சென்சரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். கேனான் இஎஃப் பாடியின் தூரம் 44, எனவே 1.46 மி.மீ. தடிமனில் ஒரு மெல்லிய அடாப்டர் வளையம் போதும். சோனி ஈ மவுண்ட்டுக்கு 18; 27.46 மி.மீ. நீளக் குழாய் வேண்டும். நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5. கணக்கு இங்கே இடிக்கிறது: லென்ஸ் உட்கார வேண்டிய இடம் பாடிக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் 50 எம்எம் லென்ஸ் சுமார் இரண்டரை மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. 28 எம்எம் முக்கால் மீட்டரைத் தாண்டாது. உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் இன்ஃபினிட்டியை, அதாவது வெகுதூர ஃபோகஸைத் தரும். அந்த மலிவான கண்ணாடி படத்தைக் குட்டிச்சுவராக்கும். பூ, பூச்சி, சாப்பாட்டுத் தட்டு மட்டும் எடுப்பேன் என்றால் கண்ணாடி இல்லாததே மேல்.

"இன்ஃபினிட்டி வரலை, லென்ஸ்ல கோளாறு" என்று வருகிறவற்றில் நிறைய, அடாப்டரின் கோளாறு. பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன், அடாப்டர் கூடுதலாக இருந்தாலே 50 எம்எம் லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். 28 எம்எம் எட்டு மீட்டரில். அகலக் கோண லென்ஸ் எவ்வளவுக்கெவ்வளவு குட்டையோ, அவ்வளவுக்கவ்வளவு இந்தப் பிசகு உதைக்கும். டிஜிட்டல் வெர்னியரால் நாலு இடத்தில் அளந்து பாருங்கள், நாலும் ஒன்றாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அடாப்டரைத் திருப்பிக் கொடுங்கள். லென்ஸைத் திறக்காதீர்கள், தயவுசெய்து.

இதற்கு எதிர்ப்பிசகும் உண்டு. விலை குறைந்த அடாப்டர்களைப் பெரும்பாலும் வேண்டுமென்றே துளி குட்டையாகக் கடைவார்கள், இன்ஃபினிட்டி தவறாமல் கிடைக்கட்டும் என்று. அதனால் வளையம் முட்டி நிற்கும் இடம் இன்ஃபினிட்டியைத் தாண்டியிருக்கும். நிலாவையோ நட்சத்திரத்தையோ எடுக்கும்போது வளையத்தைக் கடைசிவரை திருகிவிட்டு "ஷார்ப் இல்லை" என்றால் என்ன செய்வது? திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வையுங்கள்.

கேமராவுக்குள் ஏறி இறங்கும் மிரர் லென்ஸில் இடிப்பது கேனான் 5டி வரிசையில் சகஜம். முழு ஃப்ரேம் (ஃபிலிம் அளவு சென்சர்) கேமராவின் மிரர் பெரிது. 50 எம்எம் எஃப் 1.4 டகுமார் போன்ற சில லென்ஸ்களின் பின்பகுதி இன்ஃபினிட்டியில் உள்ளே நீண்டு மிரரின் பாதையில் நிற்கும். சோதிக்கும் முறை எளிது: ஃபோகஸைக் கிட்டத்தில் வைத்து ஒரு ஷாட், கொஞ்சம் நகர்த்தி ஒரு ஷாட், அப்படியே இன்ஃபினிட்டி வரை. எங்கேயாவது மிரர் சிக்கினால் பதற்றப்பட்டு லென்ஸைப் பிடுங்காதீர்கள். கேமராவை ஆஃப் செய்து, ஃபோகஸைக் கிட்டத்துக்குத் திருப்பி, பிறகு கழற்றுங்கள். மிரர்லெஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஜூபிடர்-12 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் (மிரர் இல்லாத பழைய ஃபிலிம் கேமரா) லென்ஸ்களின் பின்கண்ணாடி விரல்போல உள்ளே போகும். பாடியின் உள்சுவரிலோ ஷட்டரிலோ உரசும். இன்டஸ்டார்-22 போன்ற உள்ளே தள்ளி மூடும் லென்ஸை டிஜிட்டல் பாடியில் வைத்துக்கொண்டு உள்ளே தள்ளவே கூடாது.

எம்42 லென்ஸின் பின்னால் ஒரு சின்னக் குச்சி துருத்திக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் இலைகள் மூடும். ஹீலியோஸ் 44எம்-ல் ஏ/எம் (ஆட்டோ/மேனுவல்) சுவிட்ச் உண்டு, எம்-ல் வைத்தால் போதும். 44எம்-4-ல் சுவிட்ச் இல்லை. உள்விளிம்பு வைத்த அடாப்டர்தான் அந்தக் குச்சியை அழுத்தித் தரும். இல்லாவிட்டால் வளையத்தை எஃப் 16-க்குத் திருகினாலும் லென்ஸ் முழுக்கத் திறந்த எஃப் 2-விலேயே நிற்கும். இதை "இலை ஸ்டக் ஆயிடுச்சு" என்று கொண்டுவருகிறார்கள். குச்சியைக் கட்டிங் பிளையரால் வெட்டியவர்களும் உண்டு. வெட்டினால் இலை திறந்தே கிடக்கும், வேறெதுவும் நடக்காது. 44-2-வில் குச்சியே இல்லை. அதில் இரண்டு வளையங்கள்: ஒன்று எல்லையைக் குறிக்கும், இன்னொன்று திறந்து மூடும். கேனான் எஃப்டி லென்ஸின் அடாப்டரிலும் திறப்பு, பூட்டு என்று ஒரு வளையம் உண்டு. திறந்த நிலையில் மாட்டி, பிறகு பூட்டுக்குத் திருப்பினால்தான் அப்பர்ச்சர் வேலை செய்யும்.

மிரர்லெஸ்காரர்கள் முதலில் மெனுவுக்குள் போய் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்க அனுமதி கொடுங்கள். அதைச் செய்யாமல் கேமரா செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு) இருந்தால் ஃபோகல் லெங்த்தைக் கையால் பதிய வேண்டும். லென்ஸில் 50 என்று எழுதியிருந்தால் 50-தான். ஏபிஎஸ்-சி (சின்ன சென்சர்) பாடி என்பதற்காக ஒன்றரையால் பெருக்கி 75 போட்டால் கேமரா தேவைக்கு மேல் சென்சரை அசைத்துப் படத்தை அதுவே கெடுக்கும். 135-ஐப் போட்டுவிட்டு அடுத்து 28-ஐ மாட்டும்போது எண்ணை மாற்ற மறப்பதும் இதே கதைதான். ஃபோகஸ் ஆன விளிம்பைத் திரையில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கின் சிவப்புக் கோடுகளை முழுசாக நம்பாதீர்கள். எஃப் 8-ல் அது கண்ணில் பட்டதையெல்லாம் சிவப்பாக்கும். அகலத் திறந்து, பெரிதாக்கி, கண்ணிமையில் ஃபோகஸ் வைத்து, பிறகு மூடுங்கள். எஃப் 1.4-லிருந்து எஃப் 2.8-க்கு மூடும்போது சில லென்ஸ்களில் ஃபோகஸ் துளி நகரும். அந்த இடைவெளியில் எடுப்பதென்றால் மூடிய பிறகே ஃபோகஸ் வையுங்கள். வெயிலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும்போது மூடி போடுங்கள். பழைய லென்ஸ் தானாக மூடிக்கொள்ளாது, சூரியன் நேராக ஷட்டரிலோ சென்சரிலோ போய் விழும்.

படம் சாம்பல் பூத்தது மாதிரி வந்தால் உடனே லென்ஸைத் திட்ட வேண்டாம். அடாப்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பளபளக்கிறதா? கறுப்பு வெல்வெட் தாளை வெட்டி ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு லென்ஸ் முனையில் ஹூட்.

இனி ஃபங்கஸ், அதாவது கண்ணாடியில் படரும் பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் வருஷத்தில் பாதி நாள் 70 சதவீதத்துக்கு மேல். பழைய லென்ஸோடு வரும் அழகான தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். ஃபங்கஸ் லென்ஸை மாட்டினால் சென்சருக்கும் "தொற்றிக்கொள்ளும்" என்ற பயம் தேவையில்லை. வித்து காற்றிலேயே இருக்கிறது, ஈரம் கிடைத்தால் எங்கேயும் முளைக்கும். காற்றுப் புகாத டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு ஈரமானி. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். 30-க்குக் கீழே இறக்கத் தேவையில்லை. அரிசி டப்பாவில் வைக்காதீர்கள், மாவுத்தூள் உள்ளே போகும். நீல நிற ஜெல்லைச் சமையல் வாணலியில் வறுக்காதீர்கள், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. வெயிலில் காயவைத்தால் ஃபங்கஸ் விட்ட தடம் மறையாது. கண்ணாடிமேல் பூசிய கோட்டிங்கை அரித்தது அரித்ததுதான். வெயிலால் மரையில் இருக்கும் கிரீஸ் உருகி இலைகளுக்கு ஓடுவதுதான் மிச்சம். டகுமார் 50 எஃப் 1.4-ன் ஏழு கண்ணாடிப் பதிப்பு மஞ்சளித்திருந்தால் அது ஃபங்கஸ் இல்லை, கண்ணாடியில் கலந்த தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் வேலை. புற ஊதா எல்ஈடி விளக்கடியில் சில நாள் வைத்தால் பெருமளவு வெளுக்கும். அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம்.

ஃபோகஸ் இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். இரண்டு நாள் நன்றாகச் சுற்றும். மூன்றாவது வாரம் எண்ணெய் இலையில் இருக்கும், ஆறாவது மாதம் கண்ணாடியில் புகையாகப் படிந்திருக்கும். பழைய கிரீஸை முழுக்கக் கழுவிவிட்டுப் புதுசு வைப்பது ஒன்றுதான் வழி. அதற்கு மரையைக் கழற்ற வேண்டும். அது பல தொடக்கங்கள் உள்ள மரை. எந்தப் புள்ளியில் கழன்றது என்று ஊசியால் கீறிக் குறிக்காமல் பிரித்தால் மறுபடி அதே வாயில் ஏற்றுவது குதிரைக்கொம்பு. ஜப்பான் லென்ஸின் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை வேண்டும், சாதா ஸ்டார் டிரைவர் தலையைத் தின்றுவிடும். முன்வளையத்தைக் கழற்ற ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடரை எடுக்காதீர்கள். அது வழுக்கினால் கோடு நேராகக் கண்ணாடியின் நடுவில்தான் விழும்.

ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட வேண்டாம். எல்லா ஸ்க்ரூவையும், எஞ்சிய ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய) வளையங்களையும் ஒரே பொட்டலத்தில் போட்டு, லென்ஸோடு அந்த அடாப்டரையும் எடுத்து வாருங்கள். உள்ளே என்ன எண்ணெய் விட்டீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதைக் கொண்டு கழுவுவது என்பது அதைப் பொறுத்துதான்.