சட்டை இல்லாத ஜூடோ: எம்.எம்.ஏ. கூண்டுக்குள் ஒரு த்ரோ எப்படி விழுகிறது

ஜூடோக்காரருக்கு முதல் பிடிமானம் எதிராளியின் சட்டை. கனத்த பருத்தியில் தைத்த அந்தச் சட்டையின் கையை ஒரு கையால் பிடிப்பார், காலரை இன்னொரு கையால் பிடிப்பார். ஒரு முழம் தள்ளி நின்றபடியே ஆளை இழுக்கலாம், திருப்பலாம், கால் மாற்ற வைக்கலாம். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டை நடக்கும் கூண்டில் அந்தச் சட்டை கிடையாது. அரைக்கால் டவுசர், 4 அவுன்ஸ் கிளவுஸ், உடம்பெல்லாம் வேர்வை. காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் பழகுகிறவர்களுக்கு வார்ம்-அப் முடிவதற்குள்ளேயே கை வழுக்க ஆரம்பித்துவிடும்.

ஆனாலும் ஜூடோ த்ரோ, அதாவது ஆளைத் தரையில் வீழ்த்தும் வீச்சு, அங்கே வேலை செய்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 70 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கிய ரோண்டா ரௌசி, இடுப்பில் ஏற்றி வீசும் த்ரோக்களையும் பயன்படுத்தி, எம்.எம்.ஏ.யின் பெரிய போட்டி அமைப்பான யு.எஃப்.சி.யின் பட்டத்தைப் பல முறை தக்கவைத்தார். 2012, 2016 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற கெய்லா ஹாரிசன் 2025-இல் யு.எஃப்.சி. சாம்பியன் ஆனார்.

1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஒரு த்ரோவை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார். எதிராளியின் நிலை குலைப்பது குசுஷி, நம் உடம்பைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்துவது ட்சுகுரி, வீசி முடிப்பது காகே. நிற்கிற மனிதரின் ஈர்ப்பு மையம் அவர் உயரத்தில் ஏறத்தாழ 55 சதவீதத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதிலிருந்து நேர் கீழே இறக்கிய கோடு இரண்டு பாதங்களுக்கு நடுவே விழும்வரை ஆள் நிற்பார். கோடு பாதத்தைத் தாண்டிப்போனால், அந்தப் பக்கம் அடுத்த காலை வைத்தாக வேண்டும். அந்தக் காலை வைக்கவிடாமல் தடுப்பதுதான் எல்லா த்ரோவும். சட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. எதைப் பிடித்து நிலை குலைப்பது என்பதுதான் மாறுகிறது.

சட்டை செய்த வேலையைக் கூண்டில் நெஞ்சு செய்யவேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டில் திமிலைப் பிடிக்கிறவரைக் கவனித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். காளையின் தோலில் பிடிக்க எதுவும் கிடையாது. திமிலைச் சுற்றிக் கை போட்டு, உடம்பை அதோடு ஒட்டவைத்திருக்கும்வரை ஆள் தாக்குப்பிடிப்பார், நடுவே இடைவெளி விழுந்தால் தூக்கி எறியப்படுவார். பயிற்சியில் இதைச் சோதிக்க ஒரு துண்டு போதும். இருவர் நெஞ்சுக்கும் நடுவே மடித்து வைத்துவிட்டு த்ரோவுக்குத் திரும்ப முயலுங்கள். இடுப்பு உள்ளே போவதற்கு முன்னாலேயே துண்டு கீழே விழுந்தால், அந்த த்ரோ போட்டியில் விழாது.

இடுப்பில் ஏற்றிக் காலால் வாரி வீசும் ஹராய் கோஷி கூண்டில் அதிகம் எடுபடும். அதை வலதுகைக்காரருக்குப் பார்ப்போம். இடது கையை எதிராளியின் வலது கைக்கு மேலாகச் சுற்றி, அவர் முழங்கைக்குச் சற்று மேலே அக்குளோடு சேர்த்து இறுக்கவேண்டும். இதுதான் ஓவர்ஹூக். முழங்கைக்குக் கீழே பிடித்தால் வேர்வையில் கை கிளவுஸ்வரை சறுக்கி வெளியே வந்துவிடும். மேலே பிடித்தால் முழங்கை எலும்பின் புடைப்பே தடையாக நிற்கும். வலது கை அவருடைய இடது அக்குளுக்கு அடியில் நுழைந்து தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும். இது அண்டர்ஹூக். இப்போது அண்டர்ஹூக் பக்கம் தூக்கி, ஓவர்ஹூக் பக்கம் கீழே இழுத்தால் எடை அவருடைய வலது பாதத்தின் விரல் பக்கத்துக்கு வந்து சேரும். அந்தக் கணத்தில் உங்கள் வலது பாதம் அவருடைய வலது பாதத்துக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். இடது கால் பின்னால் சுற்றி வந்து, முழங்கால் மடிந்து, மொத்த எடையையும் வாங்கிக்கொள்ளும். இடுப்பு அவருடைய இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கவேண்டும். வலது காலை அவருடைய வலது தொடையின் வெளிப்புறத்தில் ஒட்டிப் பின்னோக்கி வாரும்போதே தலையை இடது பக்கம் திருப்புங்கள். தலை போகிற பக்கம்தான் தோளும் போகும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது இடுப்பில். இடுப்பு அளவுக்கு மீறி உள்ளே போனால், எதிராளி முதுகுப்பக்கம் வழுக்கி இறங்கி உங்கள் முதுகிலேயே தொற்றிக்கொள்வார். ஜூடோவில் இப்படி ஆனால் பெரும்பாலும் ஒரு வாய்ப்பு வீண், அவ்வளவுதான். எம்.எம்.ஏ.யில் பின்னாலிருந்து கழுத்தை நெரித்து ஆட்டத்தையே முடித்துவிடுவார்கள். 2013 பிப்ரவரியில் லிஸ் கார்மூச் நின்றபடியே ரௌசியின் முதுகைப் பிடித்துத் தாடையை முறுக்கியபோது, ஒலிம்பிக் பதக்கக்காரருக்கே அந்த ஆபத்து வந்தது. உதறித் தப்பி, அதே சுற்றில் ரௌசி ஜெயித்தார். கழுத்தை மட்டும் கட்டிக்கொண்டு வீசுவதும் இதே காரணத்தால் ஆபத்து. கையையும் சேர்த்துக் கட்டாவிட்டால் கீழே விழுந்ததும் தலையை உருவிக்கொண்டு பின்னால் வந்துவிடுவார். அதனால் முதுகைக் காட்டித் திரும்பித் தோள்மேல் ஏற்றி வீசும் செயோய் நாகேயைக் கூண்டில் அரிதாகத்தான் எடுக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

முகத்துக்கு முகம் நின்றே போடும் ஓஉச்சி காரி, வெளிப்பக்கமிருந்து காலைக் கொக்கிபோட்டு வீழ்த்தும் கொசோடோ காகே இரண்டும் தோற்றாலும் பெரிய இழப்பு வராது. ஹராய் கோஷிக்குத் திரும்பும்போது எதிராளி பயந்து பின்னால் உட்காருவார். எடை குதிகாலுக்குப் போகும். உடனே மறுபடி அவர் பக்கம் திரும்பி, இரண்டு காலுக்கும் நடுவே உங்கள் காலை விட்டு ஒரு காலை உள்பக்கமாக வாரினால் அதுதான் ஓஉச்சி காரி. முன்னால் ஒரு மிரட்டல், பின்னால் ஒரு வீச்சு என்று ஜோடியாகவே பழகுங்கள்.

பாதம் வாரும் தேஆஷி பராய்க்குப் பலம் தேவையில்லை, நேரம்தான் தேவை. உராய்வு விசை பாதத்தின்மேல் இருக்கும் எடையைப் பொறுத்தது. பாதம் தரையைத் தொட்டு, எடை இன்னும் முழுதாக இறங்காத அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் உராய்வு மிகக் குறைவு. அப்போது உள்ளங்காலால் கணுக்காலுக்குக் கீழே வாரினால் போகும். எடை இறங்கிய பிறகு வாரினால் உங்கள் கால்தான் நோகும்.

நம்ம பக்கத்துப் பையன்கள் பலர் கபடியிலிருந்து வருகிறார்கள். இடுப்புப் பிடி அவர்களுக்குக் கைவந்தது. அது கூண்டில் நேரடியாகப் பயன்படும். 2010-இலிருந்து ஜூடோ போட்டியில் கையால் காலைப் பிடிப்பது படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதால், வெறும் ஜூடோக்காரர்கள் காலுக்குப் பாய்கிறவரிடம் தடுமாறுவார்கள், கபடிக்காரர் தடுமாறமாட்டார். ஆனால் தொடைப்பிடிக்குக் குனிகிற பழக்கத்தோடு தலையைத் தொங்கவிட்டுப் போனால் முகத்தில் முழங்கால் விழும். நிமிர்ந்தே கிளிஞ்சுக்குள், அதாவது நின்றபடி கட்டிப்பிடிக்கும் நிலைக்குள், நுழையப் பழகவேண்டும், அதுவும் ஒரு குத்தின் பின்னால்.

இனி தரை. ஈர்ப்பு மையம் 90 செ.மீ. இறங்கி விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு சுமார் 4.2 மீட்டர், மணிக்கு 15 கி.மீ. மெத்தை 2 செ.மீ. அமுங்கினால், வேகம் அடங்கும்போது உடம்பு உணர்வது சராசரியாக ஈர்ப்பு விசையைப்போல் 45 மடங்கு, 6 செ.மீ. அமுங்கினால் 15 மடங்கு. மேலே நீங்களும் விழுந்தால் இன்னும் கூடும். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் ஒற்றை அடுக்காக யோகா மேட்டுகள் விரித்து வீசிப் பழகவே கூடாது. அந்தக் கல்லின் வழவழப்பில் மேட்டுகள் விலகி, நடுவில் விழும் சந்தில் கால்விரல் சிக்கும். 4 செ.மீ. ஜூடோ மேட்டுகளை நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரச்சட்டம் அடித்து, இணைப்புகளில் டேப் ஒட்டவேண்டும். முதல் சில வாரம் விழ மட்டும் கற்றுக்கொடுங்கள்: தாடை நெஞ்சோடு, முதுகு வளைந்து, கை உடம்பிலிருந்து 45 டிகிரி விலகித் தரையில் அறையவேண்டும். வெளிப்பக்கமிருந்து காலை வாரி ஆளைப் பின்பக்கமாக வீழ்த்தும் ஒசோடோ காரியில் பின்னந்தலை அடிபடும் ஆபத்து அதிகம், அதைத் தாடையை ஒட்டவைக்கப் பழகாதவர்மேல் போடாதீர்கள். எதிராளியின் காலுக்குப் பின்னால் தன் காலை நீட்டி, உட்கார்ந்து விழுந்து அவரைப் பின்னோக்கி வீழ்த்தும் தானி ஓடோஷியைப் புதியவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம். எடை விழுகிற பக்கம் எதிராளியின் முழங்கால் இருந்தால் அதன் தசைநார் கிழிந்துவிடலாம்.