விடுதி அறைக்குக் கொடுத்த பணம் எத்தனை கை மாறும்?

"பெரிய இசை நிகழ்ச்சி நடந்தால் மறுநாளே 'நகரத்துக்கு இத்தனை கோடி வருமானம்' என்று செய்தி வருகிறதே, அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரொம்ப நல்ல கேள்வி.

முதல் பகுதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் டிக்கெட் வாங்குவார்கள், அறை எடுப்பார்கள், சாப்பிடுவார்கள், டாக்சி பிடிப்பார்கள். சிலருக்கு வேலை, அரசுக்கு வரி. அப்புறம் அந்தப் பணம் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

விடுதி அறையில் இருக்கும் ஒரே ஒரு படுக்கை விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் கிளம்பியதும் அதை உருவி, மூட்டை கட்டி, சலவைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அறை வாடகையில் ஒரு சின்னப் பங்கு அதன் பின்னாலேயே போகிறது. அங்கே இஸ்திரி போடும் பெண்ணுக்குச் சம்பளம் வருகிறது, அவர் மகனை முடிவெட்டக் கூட்டிப் போகிறார், முடிவெட்டியவர் அந்தக் காசையும் சேர்த்துத்தான் கடை வாடகை கட்டுகிறார். பணம் கொடுத்த விருந்தினர் அதற்குள் தன் ஊர் போய்ச் சேர்ந்து அந்த அறையையே மறந்திருப்பார், ஆனால் அவர் பணம் இங்கே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் வெளியேறவும் செய்யும். சலவைத்தூள் வேறெங்கோ ஓர் ஆலையில் செய்தது, விடுதி ஒரு பெரிய குழுமத்தின் கிளை என்றால் லாபம் தலைமையகத்துக்குப் போகும், கொஞ்சம் சேமிப்பாகப் படுத்துவிடும். இதற்குப் பெயர் கசிவு.

இப்போது பள்ளியில் படித்த பெருக்குத் தொடரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விருந்தினர் செலவழித்தது 100 என்று வைப்போம். ஒவ்வொரு சுற்றிலும் 40 சதவீதம் ஊருக்குள்ளேயே செலவானால் 100, 40, 16, 6.4 என்று தேய்ந்து மொத்தம் சுமார் 167 ஆகும். அதுவே 60 சதவீதம் என்றால் 100, 60, 36, 21.6 என்று போய் 250! தங்கும் பங்கு ஒன்றரை மடங்குதான் கூடியது, ஆனால் முதல் நூறுக்கு மேல் கிடைப்பது 67-லிருந்து 150 ஆகிவிட்டது. ஒரு செலவு இப்படிக் கை மாறி மாறிப் பெருகும் இந்தப் 'பெருக்கி'க் கருத்தை 1931-இல் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் கான் வேலையின்மையைப் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியபோது அவருக்கு வயது 25. புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் கீன்ஸ் அதைத் தன் கோட்பாட்டின் நடுவில் வைத்தார். எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று அட்டவணை போட்டுக் காட்டிய இன்னொரு பொருளாதார அறிஞர் லியான்டீஃபுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய கணக்குகளும் பெரும்பாலும் அவர் காட்டிய வழியில்தான் போகின்றன.

சரி, செய்தியில் வரும் எண் ஏன் பெரும்பாலும் ஊதிப்போயிருக்கிறது? ஒன்று, கசிவைக் குறைத்துப் போடுகிறார்கள். உலகம் சுற்றும் பாடகருக்குப் போகும் டிக்கெட் பணம் அவரோடு அதே விமானத்தில் ஏறிவிடும், சலவைக்கூடத்தை எட்டிக்கூடப் பார்க்காது. உள்ளூர்க் கலைஞர்கள் நடிக்கும் ஒரு சின்ன நாடக அரங்கில் விற்கும் டிக்கெட்டுக்கு ஊருக்குள் ஆயுள் அதிகம். இரண்டாவது, நிகழ்ச்சிக்கு வந்த உள்ளூர்க்காரர் அந்தப் பணத்தை எப்படியும் வேறு ஒரு படத்துக்கோ உணவகத்துக்கோ கொடுத்திருப்பார், ஊருக்கு அதில் புதிதாக எதுவும் வரவில்லை. மூன்றாவது, விடுதிகள் ஏற்கெனவே நிரம்பி வழியும் வாரத்தில் நிகழ்ச்சி வைத்தால், வழக்கமாக வரும் பயணிகள் இடமில்லாமல் திரும்பிப் போவார்கள். ஆனால் அறைகள் காலியாகக் கிடக்கும் மந்தமான வாரத்தில் அதே நிகழ்ச்சி நடந்தால் அத்தனையும் வரவு, ஏனென்றால் இன்றிரவு விற்காத அறையை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது.

அமெரிக்காவில் பொதுப்பணத்தில் கட்டிய விளையாட்டு அரங்குகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். சொல்லப்பட்ட வருமானம் வந்துசேரவில்லை என்பதுதான் அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த விடை.

அதற்காக இந்தத் தொழில்கள் முக்கியமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2020-இல் கொரோனா வந்து உலக அளவில் சர்வதேசப் பயணிகளின் வருகை 70 சதவீதத்துக்கு மேல் சரிந்தபோது, சமையல்காரர், ஒலி அமைப்பாளர், சலவைத் தொழிலாளி என்று சங்கிலி முழுக்க அறுந்ததைப் பார்த்தோம். எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். நிகழ்ச்சி நடத்துகிறவரே காசு கொடுத்து எழுதவைத்த அறிக்கையை நம்பி நகராட்சி மானியம் கொடுக்கிறது. அந்த மானியத்தில் ஒரு சிறு பங்கைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால், மாணவர்கள் வாசலில் நின்று சில நூறு பேரிடம் கேட்டுவிடுவார்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை இரவு தங்குகிறீர்கள், இந்த நிகழ்ச்சி இல்லையென்றால் இந்தப் பணத்தை எங்கே செலவழித்திருப்பீர்கள்?