ஆல்ப்ஸ் பயணம்: மாதத்தோடு உயரத்தையும் பாருங்கள்

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ரயில் ஏறி, கிரிண்டல்வால்டில் கேபிள் காருக்கு மாறி, மறுபடி ரயிலைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் 3,454 மீட்டரில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஜூலை மாத மதியம் ஊரில் 25 டிகிரி வெயில் என்றால் மேலே 6 டிகிரிதான். கொஞ்சம் மேகமூட்டமான நாளில் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதோடு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 7 போலத்தான் இருக்கும். ஆகவே எந்த மாதம் போகிறோம் என்று கேட்பவர்கள், அந்த மாதத்தில் எந்த உயரத்துக்குப் போகிறோம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்தப் பகுதிக்குப் போடும் திட்டங்களில் பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடுவதால் வருபவை.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. ஆல்ப்ஸில் அது பனிச்சறுக்குக் காலம் முடிந்து, நடைக்காலம் இன்னும் தொடங்காத இடைவெளி. கேபிள் கார்களில் பலவற்றை வருடாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்திவைப்பது அந்த வாரங்களில்தான். ஷூனிகே பிளாட்டே மலை ரயில் ஓடத் தொடங்கவே ஏறக்குறைய ஜூன் நடுவாகிவிடும். ஃபுர்க்கா, கிரிம்சல், சுஸ்டன் கணவாய்ச் சாலைகளும் பனி அள்ளி முடித்த பிறகே, பெரும்பாலும் ஜூன் மாத வாக்கில் திறக்கும். 2,265 மீட்டரில் இருக்கும் பாஹால்ப்ஸே ஏரியின் நீலநிறப் படத்தைப் பார்த்து மே முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டால், அங்கே ஏரி இருக்கும் இடமே தெரியாமல் பனி மூடிக் கிடக்கும்.

மே மாதம் போகவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பனி உருகுகிற காலம் என்பதால் லவுட்டர்ப்ருன்னன் பள்ளத்தாக்கின் அருவிகள் அப்போதுதான் முழு வேகத்தில் விழும், புல்வெளியும் பூத்திருக்கும். யுங்ஃப்ராவ்யோக் ரயிலும் ஸெர்மாட்டிலிருந்து போகும் கோர்னர்கிராட் ரயிலும் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. ஆகவே மே மாதத் திட்டத்தில் 1,500 மீட்டருக்குக் கீழே நடையும் அருவியும் படகும், 3,000 மீட்டருக்கு மேலே ரயிலில் போய்வரும் ஒரு பனிச்சிகரமும் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏரிகளையும் மலைப்பாதைகளையும் ஜூன் கடைசிக்குப் பிறகு வருபவர்களுக்கு விட்டுவிடுங்கள். விடுதிக்குப் பணம் கட்டும் முன்பு, நீங்கள் ஏற நினைக்கும் ஒவ்வொரு கேபிள் காரின் இணையதளத்திலும் ஓடும் தேதிகளைப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி வேறு, ஆண்டுக்கு ஆண்டும் மாறும்.

அடுத்தது பணம். யுங்ஃப்ராவ்யோக்குக்கு இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் கோடையில் ஒருவருக்கு 200 சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல். சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில், பேருந்து, படகுப் பாஸான சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் எல்லாமே இலவசம் என்று நம்பி வருபவர்கள் நிறையப் பேர். அந்தப் பாஸ் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைக்கும்தான் செல்லும். அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. கோர்னர்கிராட், டிட்லிஸ் ஆகிய சிகரங்கள் இரண்டுக்கும் பாதிக் கட்டணம். நான்கு பேர் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பட்ஜெட்டையே புரட்டிப்போடும்.

இவ்வளவு விலையுள்ள டிக்கெட்டை இரண்டு மாதம் முன்னால் ஒரே தேதிக்கு வாங்கிப் பூட்டிவைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மேலே மேகம் மூடி ஒன்றுமே தெரியாவிட்டாலும் காசு திரும்ப வராது. அதே ஊரில் மூன்று இரவு தங்குங்கள். தெளிந்த காலைக்காகச் சிகரத்தை ஒதுக்கி வையுங்கள். கூட்டம் மிகுந்த மாதங்களில் இருக்கை முன்பதிவு தேவைப்படும் என்பதால், வானிலை முன்னறிவிப்பு ஓரளவு உறுதியாகும் இரண்டு நாளுக்கு முன் அதைச் செய்தால் போதும். போகிற நாள் காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, ஊர் முழுக்க மூடுபனியில் கிடக்கும். அதே நேரம் 1,500 மீட்டருக்கு மேலே பளீரென்று வெயில் அடிக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அனேகமாக எல்லாச் சிகர நிலையங்களிலும் நேரலைக் கேமரா உண்டு. காலை உணவுக்கு முன் அதை ஒருமுறை பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யுங்ஃப்ராவ்யோக்கில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், அசதியோடு வரும் மலைநோய் பொதுவாகச் சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும். அதனால் இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு இறங்குகிற பெரும்பாலோருக்குப் பெரிய தொல்லை இருக்காது. ரயிலிலிருந்து இறங்கிய உடனே படியில் ஓடும் பிள்ளைகளும், அவர்கள் பின்னால் ஓடும் பெரியவர்களும்தான் தலைசுற்றி உட்காருகிறார்கள். முதல் அரை மணி நேரம் மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள். யாருக்காவது தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ அடுத்த ரயிலிலேயே கீழே இறங்கிவிட வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருப்பது தவறு. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், ஹீமோகுளோபின் மிகக் குறைவாக உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் புறப்படும் முன்பே மருத்துவரிடம் 3,454 மீட்டர் என்ற எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘சுவிஸ் போகிறோம்’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு இது தெரிய வழியில்லை.

கிரிண்டல்வால்டில் நீங்கள் மாறும் ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் 15 நிமிடத்தில் ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏறுகிறது. சளி பிடித்த குழந்தைக்குக் காது வலிக்கும். பால் கொடுங்கள், அல்லது சப்ப ஏதாவது கொடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் பேனாவைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை மறுபடி பயன்படுத்தக் கூடாது. கடுங்குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவியும் தவறாகக் காட்டலாம். கட்டடத்துக்குள் வந்து பாருங்கள்.

உடையில் கனத்தைவிட அடுக்குதான் முக்கியம். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பனி மேடையிலும் பனிக்குகைக்குள்ளும் தரை வழுக்கும். ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பாகம் உள்ள ஷூ இல்லாமல் ஏறாதீர்கள். புடவைக்கும் செருப்புக்கும் அது இடமில்லை. புதுப்பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அதனால் மோவாய்க்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். குழந்தைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

கோடையில் நடக்கப் போகிறவர்கள் மலைப்பாதையின் மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது ஓய்வில்லாமல் சீராக நடப்பவருக்கான கணக்கு. குடும்பத்தோடு போனால் பாதி நேரம் கூடுதலாகச் சேருங்கள். வெறும் மஞ்சள் குறி இருந்தால் எளிய பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் செங்குத்தும் பள்ளமும் உண்டு. வெள்ளை-நீலம்-வெள்ளையில் கயிறும் அனுபவமும் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும் என்பதால் காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். கீழே இறங்கும் கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் சூரியன் எட்டு மணி வாக்கில் எழுந்து ஐந்துக்குள் மறைந்துவிடும். பாறைச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் லவுட்டர்ப்ருன்னனில் நேர் வெயில் அதைவிடவும் குறைவு. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அபாய அளவை ஒன்று முதல் ஐந்து வரையிலான நிலைகளில் அறிவிக்கிறது. மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்கக் கூடாது. உயிரிழப்புகளில் ஏறத்தாழ பாதி அந்த நிலையில்தான் நடக்கின்றன. இளஞ்சிவப்புக் குறியிட்ட குளிர்கால நடைபாதையை விட்டு விலகாதீர்கள். கயிறு கட்டி மூடியிருந்தால் திரும்பி வாருங்கள்.

கடைசியாக, காப்பீடு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். விசாவுக்காக வாங்கும் மலிவான பாலிசிகள் பலவற்றில் பனிச்சறுக்கு, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பது, ஏற்கெனவே உள்ள நோய் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டிருக்கும். ஹெலிகாப்டர் மீட்புக்கு ஆயிரக்கணக்கான ஃப்ராங்க் ஆகும். பாலிசி ஆவணத்தில் விலக்குகள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். தேடல், மலை மீட்பு என்ற சொற்கள் இல்லையென்றால் கொஞ்சம் கூடுதல் கட்டி அதைச் சேருங்கள். சுவிட்சர்லாந்தில் ரெகா ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414, ஆம்புலன்ஸுக்கு 144, ஐரோப்பா முழுவதுக்கும் 112. இந்த மூன்று எண்களோடு பாலிசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, குடும்பத்தில் ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.